அழுதுகினே வா

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சேலையூரில் என் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் ஊன்றுகோல் ஒன்று சுவரில் மோதி விழுந்தது. காது கொடுத்தேன். (ஒட்டுக்கேட்டேன் என்றே எழுதிவிடலாம்.)

வீசியவர் எலியேசர். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஐம்பது வயதுக்குள் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்காமல் போயின.

"மனசே சரியில்ல ஸ்டெல்லா. மனசு சரியாவட்டும், அப்பால நடக்குறேன்."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அன்று காலை எலியேசரின் உள்ளத்தில் நம்பிக்கை பிறந்தது. அவர் மெல்ல எழுந்து…'

[அடித்துவிட்டேன். எதுவும் பிறக்கவில்லை. போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.]

இன்னொரு தொடக்கம்: 'அவர் மனைவி ஸ்டெல்லா பொறுமையே உருவான…'

[இதுவும் போச்சு. ஏன் என்று பாருங்கள்.]

3

ஒருநாள் காலை ஸ்டெல்லா டீயைக் கட்டிலுக்குக் கொண்டுபோகவில்லை.

"டீ எங்க?"

"கிச்சன்ல கீது."

"கொண்டா."

"நீ வா."

டீ ஆறியது. அவர் போகவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கல்நெஞ்சக்காரி என்று எழுதியும் வைத்தேன். அவருக்குப் பிசியோதெரபி செய்ய வரும் மிருதுளாவை வாசலில் மடக்கிக் கேட்டேன்.

"நான்தான் சார் அப்படிச் செய்யச் சொன்னேன். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் நிறைய பேருக்கு மனசு டல்லாயிடும். டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். ஆனா மூடு வரட்டும்னு படுத்திருந்தா வராது சார். உடம்பு கொஞ்சம் அசைஞ்சா அதுவும் அசையும்."

கல்நெஞ்சக்காரியை அடித்தேன்.

4

மறுநாளும் டீ அடுப்பு மேடையில்தான். எலியேசர் இடது கையால் சுவரைப் பிடித்து எழுந்தார். வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையில்லை, இருந்த ஒரு கையும் சுவரில்.

"அழுகையா வருது ஸ்டெல்லா."

"வரட்டும்யா. அழுதுகினே வா."

வந்தார். குடித்தார். 'அவர் முகம் மலர்ந்தது' என்று எழுதினேன். [பொய்.]

"சக்கரை பத்தல" என்றார்.

படுத்த நாளிலிருந்து உப்பு, புளி எதையும் கவனிக்காத மனிதர். ஸ்டெல்லா சட்டென்று திரும்பிக்கொண்டு சர்க்கரை டப்பாவைத் தேடினாள். டப்பா அவள் கண்ணெதிரேதான் இருந்தது.

[நான் மாடியில் இருந்தேன். கண்ணால் பார்க்காததெல்லாம், டப்பா விஷயம் உட்பட, எலியேசர் பிறகு சொன்னது. கவனித்திருக்கிறார்.]

5

அதன்பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று…

இல்லை. வாசற்படியில் ஒருமுறை விழுந்தார். மறுபடி போர்வை, மறுபடி சுவர்ப் பக்கம். ஆனால் இம்முறை அவரே எழுந்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. நடந்து முடித்த பிறகுதான் கொஞ்சம் பேசுவார். பின்பு தெருமுனை வரை போனார். இன்று, வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக்குப் போகலாம் என்று அவரே கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார்.

6

தாம்பரத்தில் பஸ் வந்து நிற்கிறது. இடது கை கம்பியில், இடது கால் படியில். வலது கால் இன்னும் ரோட்டில். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். அவருக்குப் பின்னால் ஸ்டெல்லா கைகளை இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கட்டாவிட்டால் பிடித்துத் தூக்கிவிடுவாள்.

'ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார்' என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். எழுதமாட்டேன். அந்தக் காலை அவர்தான் தூக்க வேண்டும்.

நீங்கள் பஸ்ஸுக்குள் படிக்கட்டை ஒட்டி நிற்கிறீர்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கள். கேட்டால் மட்டும் கை கொடுங்கள்.