வக்கீல் சொன்ன பதில்

அந்த வீட்டில் யாரும் தன் நோயைத் தானே டாக்டரிடம் சொன்னது கிடையாது. அப்பாவின் சர்க்கரை, தம்பியின் முதுகுவலி, தம்பி குழந்தையின் இருமல், எதுவானாலும் மூத்த மகள் உடன் போவாள். நோயாளி வாயைத் திறப்பதற்குள் அவள் பாதி சொல்லி முடித்திருப்பாள். அதனால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்தவள் இல்லை.

இந்த முறை அவளுடைய கட்சிக்காரர் தம்பி மனைவி. நகரப் பேருந்தில் கண்டக்டர். மாதாமாதம் ரத்தம் கொட்டித் தீர்த்தது. நாள் முழுக்க நிற்கிற வேலை. கழிப்பறையோ, வண்டி கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் மட்டும்தான். கறுப்புக் கால்சட்டை போட்டு, டிக்கெட் பையைப் பின்பக்கம் தள்ளி மறைத்துக்கொண்டு சமாளித்தாள். ஒருநாள் கால்சட்டையின் ஈரத்தைக் கவனித்துவிட்ட ஒரு பயணி எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். டாக்டரிடம் போக முடிவானது அப்படித்தான்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். கருப்பையில் சின்னக் கட்டி, பயப்படும்படி இல்லை என்றார்.

"கருத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

கண்டக்டரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு டாக்டர்?" என்றாள் வக்கீல். "ரெண்டாவது குழந்தைக்குத்தான் தவம் கிடக்கிறோம்."

கண்டக்டர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். வேலை நிரந்தரமாகும் வரை இன்னொரு குழந்தை வேண்டாம் என்று அவளும் புருஷனும் பேசி வைத்திருந்தார்கள். அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்பது புருஷன் போட்ட ஒரே நிபந்தனை. ஆள் ஆறடி உயரம். அக்கா என்றால் தொடை நடுங்கும்.

"அப்படின்னா ஹார்மோன் பக்கம் போக வேண்டாம்," என்றார் டாக்டர். "ரத்தப்போக்கைக் குறைக்கிற மாத்திரை தரேன். நல்ல மருந்துதான். ஆனா அதிகமாப் போற நாள்ல மட்டும் சாப்பிடணும், குறைஞ்சதும் நிறுத்திடணும். உறைஞ்ச ரத்தத்தை இது சீக்கிரம் கரைய விடாது. கருத்தடை மாத்திரையும் ரத்தக்கட்டி வர வைக்கலாம், அதனால ரெண்டையும் சேர்க்கவே கூடாது. குடும்பத்துல யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கா?"

"எங்க பரம்பரையிலேயே கிடையாது."

வக்கீல் சொன்னது தன் பரம்பரையைப் பற்றி. கண்டக்டர் பிறந்தது வேறு வீட்டில் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை.

"ஒரு கால் மட்டும் வீங்கினா, நெஞ்சு வலிச்சா, மூச்சு வாங்கினா, பார்வை மங்கினா, அடுத்த மாத்திரையைப் போடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

"நான் பாத்துக்கிறேன் டாக்டர்," என்று வக்கீல் எழுந்துவிட்டாள். நாள் முழுக்க ஸ்டாப் பெயரைக் கத்துகிற கண்டக்டர் ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கண்டக்டர் முட்டாள் இல்லை. இதை விட்டால் ரத்தம், அதை விட்டால் குழந்தை என்று கணக்குப் போட்டாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று இரண்டையும் விழுங்கினாள். ரத்தம் நன்றாகக் குறைந்தது. அந்த வாரம் வண்டியில் டிரைவரைக் கிண்டல் செய்துகொண்டு வந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

வாரக் கடைசியில் இடது கெண்டைக்கால் வீங்கி, ஷூவுக்குள் பாதம் நுழையவில்லை. தொட்டால் சுட்டது. வலது கால் எப்போதும்போல இருந்தது.

"நின்னுக்கிட்டே வேலை பாத்தா வீங்காம என்ன பண்ணும்?" வக்கீல் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் இழுத்தாள். "எண்ணெய் போட்டு நல்லா உருவி விட்டா சரியாப் போயிடும்."

"தொடாதீங்க அண்ணி!"

அந்த வீட்டில் வக்கீலிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. செத்துவிடுவோம் என்ற பயம் வந்தபிறகு, அண்ணி மேலிருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் கருத்தடை மாத்திரை சாப்பிடறேன். ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுட்டேன். டாக்டர் சொன்ன மாதிரியே ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு."

வக்கீல் தம்பியைப் பார்த்தாள். தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

"வண்டியைக் கூப்பிடு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கண்டக்டரைச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். டியூட்டி டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். வழக்கம்போல வக்கீல்தான் முன்னால் வந்தாள்.

"கருத்தடை மாத்திரை டாக்டர். இந்த வாரம் ரத்தத்தைக் குறைக்கிற மாத்திரையும். முன்னாடி பார்த்த டாக்டர் கேட்டப்போ கிடையாதுன்னு சொன்னது நான். அவ சொல்லலை." சத்தமாகவே சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கருத்தடை மாத்திரை எவ்வளவு காலமா?"

வக்கீல் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கட்டில் பக்கம் திரும்பிக் குனிந்தாள்.

"எவ்வளவு காலமாம்மா சாப்பிடறே?"

"மூணு வருஷமா, அண்ணி."

அந்த மூன்று வருஷமும், இன்னும் ஒன்றும் விசேஷம் இல்லையா என்று கேட்ட உறவுக்காரர்களிடமெல்லாம் இவளுக்காகச் சண்டை போட்டவள் வக்கீல்தான். பிறகு டாக்டரிடம் திரும்பி, "மூணு வருஷமாம்" என்றாள்.