நெல் வாங்க வந்த மீரா உசேன்

பாபநாசத்தைச் சுற்றி ஹலீமா ஏறி இறங்கிய மூன்றாவது பள்ளிவாசல் அது. முதல் இரண்டு ஊர்களிலும் டீ கொடுத்து நன்றாகவே பேசினார்கள். அடக்கம் செய்தவர்களின் பழைய பதிவேடு மட்டும் இல்லை என்றுவிட்டார்கள்.

ஹலீமா நாகப்பட்டினத்தில் கணக்கு டீச்சர். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி முகம்மது யூசுப் குடும்பத்தின் வம்சாவளியை எழுதிக்கொண்டிருந்தான். அது அத்தாவின் பாட்டனார் மீரா உசேனோடு நின்றுபோயிற்று. அவர் நெல் வாங்கப் பாபநாசம் பக்கம் போனார், போன இடத்தில் காய்ச்சலில் இறந்தார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான்.

"நீ பக்கத்துலதானே இருக்கே, போய்ப் பாரு லாத்தா" என்றான் யூசுப். சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் நாகப்பட்டினமும் பாபநாசமும் பக்கம்தான்.

ஜமாஅத் செயலாளர் அப்துல் மஜீது பக்கத்திலேயே உரக்கடை வைத்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"நிலம் கிலம் பிரச்சனையாம்மா? பட்டா, வக்ஃபு, அந்த மாதிரி?"

"இல்ல நானா. அவரு மௌத்தான தேதி வேணும். அடக்கம் பண்ணின கபுரு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா ஒரு சலாம் சொல்லிட்டுப் போயிடுவேன்."

"அவ்வளவுதானா?" மஜீதுக்கு மூச்சு வந்தது. "பழைய பதிவேடு இருக்கு. ஆனா பூராவும் அரபு. ஓதுவோம், அர்த்தம் தெரியாது. நான் செயலாளரா வந்த நாள்லேருந்து பூட்டியேதான் கெடக்கு."

பீரோவைத் திறந்து எடுத்துத் தந்தார். ஹலீமா இரண்டு வரி பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

"இது அரபு இல்ல நானா. எழுத்துதான் அரபு, பேச்சு நம்ம தமிழு. எங்க உம்மாகிட்ட இந்த மாதிரி எழுதின பாட்டுப் புஸ்தகம் நெறைய இருந்துச்சு. சின்ன வயசுல படிச்சிருக்கேன்."

எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். "மேலத்தெரு காதர் மைதீன். இளநீர் பறிக்கத் தென்னைமரத்தில் ஏறி, விழுந்து மௌத்து."

மஜீது நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எங்க பாட்டனாரோட அண்ணன்மா. ஹஜ்ஜுக்குப் போற வழியில மௌத்தானாருன்னுல்ல எங்க வீட்டுல சொல்லுவாங்க."

"இங்க தென்னமரம்னுதான் போட்டிருக்கு."

அவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். எங்க ஆளு இருக்காரா பாருங்க டீச்சர் என்று ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். யாரோ பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்து வைத்தார். அவள் வந்த வேலை நகரவே இல்லை. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பாடத்தை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் அந்தப் பேர் வந்தது. அவள் குரல் தானாக இறங்கியது.

"நாகப்பட்டணத்திலிருந்து நெல் வாங்க வந்த மீரா உசேன். காய்ச்சலில் மௌத்து. வீரையன் தன் வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். கபுரு வடக்குச் சுவரோரம்."

தேதியும் இருந்தது. ஹிஜ்ரி கணக்கில் எழுதியிருந்ததைப் போனில் மாற்றிப் பார்த்தாள். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"வீரையன்னா வாய்க்காலுக்கு அந்தாண்ட வீடும்மா. அவரு பேத்தி ராமாயி இப்ப வயல்லதான் இருக்கும்" என்றார் மஜீது.

வரப்பு வழியாக அழைத்துப் போனார். நாற்று பறித்துக்கொண்டிருந்த ராமாயிக்கு அறுபது வயதிருக்கும். விவரம் கேட்டதும் சேற்றுக் கையை வாய்க்காலில் கழுவிக்கொண்டு கரையேறினாள்.

"பாட்டுக்கார பாயா? எங்க தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நெல்லு வாங்க வந்தா எங்க வீட்டுலதான் தங்குவாராம். வண்டியில ஏறுனா பாட்டுதான், சுருதியே சேராதாம். மாடு ரெண்டும் மெரண்டு ஓடி, மூட்டை வாய்க்கால்ல விழுந்துச்சாம். காய்ச்சல்ல படுத்தப்பக்கூடப் பாடுனாராம். எங்க தாத்தாதான் ராத்திரியெல்லாம் பக்கத்துலயே இருந்திருக்காரு."

ஹலீமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ராமாயி முந்தானையை உதறி, "வாங்க, வீட்டுல மோரு குடிச்சிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மோர் குடித்ததும் மூவரும் அடக்கத்தலத்துக்குப் போனார்கள். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை என்பதால் மஜீது வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினார். உள்ளே புல் மண்டியிருந்தது. கல் எதுவும் இல்லை.

"இந்த வரிசைதான். எதுன்னு சொல்ல முடியாதும்மா."

"பரவாயில்ல நானா" என்ற ஹலீமா வரிசை முழுவதற்கும் சேர்த்துச் சலாம் சொன்னாள். ராமாயி பக்கத்தில் நின்று கைகூப்பினாள்.

திரும்பும் வழியில் மஜீது தொண்டையைக் கனைத்தார். "டீச்சர், பதிவேடு பாதிகூட முடியல. அடுத்த சனிக்கிழமை வர முடியுமா?"

"வர்றேன். என் தம்பி லீவுல வர்றான், அவனையும் கூட்டிட்டு வர்றேன்."

"அவரு பாடுவாரா?" என்றாள் ராமாயி.

"பாடுவான். அதைத்தான் எங்களால தாங்க முடியல" என்றாள் ஹலீமா.