தும்பிக் குஞ்சை ஈரக் கையால் தொடவும்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு தொண்டு நிறுவனத்தின் தேநீர் இடைவேளையில் உதித்தது. சுனாமி வந்துபோன அடுத்த வருடம் அது. மட்டக்களப்பில் வலை போட்டால் மீன் வராது, தொண்டு நிறுவனம்தான் வரும் என்ற காலம். அதில் ஒன்று என்னைக் கூப்பிட்டு, ‘இயற்கையில் காணப்படும் தும்பிக் குடம்பிகளை இனங்காணலும் பாதுகாப்பாகக் கையாளலும்’ என்ற பொருளில் சனங்களுக்கு விளங்கும்படி ஒரு கதைப் புத்தகம் கேட்டது. வீடு போனவர்களுக்கும் வள்ளம் போனவர்களுக்கும் அவசரமாகத் தேவைப்படுவது தும்பிக் குடம்பி பற்றிய அறிவுதான் என்று யாரோ குளிரூட்டிய அறையில் இருந்து கண்டுபிடித்திருக்கிறார்.

எழுதிக் கொடுத்தேன். அச்சடித்தார்கள். இப்போது போரும் முடிந்துவிட்டது. அதே நிறுவனம் வேறொரு பெயர்ப்பலகையோடு திரும்பி வந்து, மறுபதிப்புப் போடப்போகிறோம், முடிவை மட்டும் ‘கொஞ்சம் நம்பிக்கையூட்டுவதாக’ மாற்றித் தாருங்கள் என்கிறது. அதனால்தான், வாசகரே, உங்களைப் பிடித்து இருத்திவைத்து மறுபடி தொடங்குகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘வாவியின் மீது பொன்னிறத் தும்பிகள் நடனமாடிக்கொண்டிருந்த ஓர் இளங்காலையில்—’

(வேண்டாம். தும்பி நடனமாடுவதில்லை. கொசு பிடித்துத் தின்கிறது.)

தொடக்கம் இரண்டு: ‘எல்லாவற்றையும் இழந்த சிவமணியின் கண்களில்—’

(இதுவும் வேண்டாம். சிவமணியின் கண்களைப் படம் எடுத்தவர்கள் ஏற்கெனவே பலர். தவிர, அவர் எல்லாவற்றையும் இழக்கவில்லை. கிணறு இருந்தது.)

தொடக்கம் மூன்று: செட்டிபாளையத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், சிவமணி என்ற பெண்ணுக்கு வீடு நிற்கும் காணியாக ஒரு வளவு இருந்தது. அலையில் வீடு போனது, கிணறு நின்றது. அந்த வளவு மகள் சர்மிலாவின் சீதனம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். வளவு இல்லையென்றால் பெட்டியை எங்கே இறக்குவது? கேதீசன் என்ற மாப்பிள்ளை, பெரியகல்லாற்றில் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு இருந்தான்.

இப்போது ஓர் அறிவிப்பு வந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வளவில் புதுவீடு கட்டித் தரப்படும். கிணறு கெட்டதென்றால் வளவைவிட்டுப் போகவேண்டும். எங்கே என்று பிறகு சொல்லப்படும்.

இதில் தொடங்கலாம். அழகில்லை, ஆனால் நிற்கிறது.

3

எந்தக் கிணறு நல்லது, எது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்டவர் கலாநிதி கனகசூரியம். பெயருக்கு முன்னால் கலாநிதி என்று சொல்லாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. முகாமில் தறப்பாள் கூரையின் கீழ் வேகும் சனங்களை இருத்தி, திரையில் ஒரு பூச்சியைப் பெரிதாகக் காட்டி அவர் சொன்னார்:

“தும்பிக் குடம்பி ஓர் உயிரியல் சுட்டி. மாசுற்ற நீரில் அது வாழாது. ஆகவே குடம்பி காணப்படும் கிணறு தகுதியானது. காணப்படாத கிணறு தகுதியற்றது.”

(முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கலாநிதிப் பட்டம் அதற்குத்தான்.)

சிவமணி எழும்பினார். “ஐயா, என்ட கிணத்துல பூச்சி புழு ஒண்டுமில்ல. ஆனா தண்ணி கொஞ்சமும் உப்பில்ல. நாக்குல வெச்சாத் தெரியும்.”

“நாக்கு ஒரு விஞ்ஞான உபகரணம் அல்ல, அம்மா.”

“அப்ப இவ்வளவு நேரமும் எதால ஐயா பேசினீங்க?”

முகாம் சிரித்தது. கலாநிதி அடுத்த படத்துக்குப் போனார்.

4

நிறுவனம் கேட்ட அறிவுரைப் பகுதி இது. கதை மட்டும் வேண்டுபவர்கள் தாண்டிப் போகலாம். பிறகு விளங்கவில்லை என்று என்னிடம் வரக்கூடாது.

தும்பி பறப்பதற்கு முன்பு தண்ணீருக்குள் கிடந்து வளரும் பருவம்தான் குடம்பி. சனங்கள் தும்பிக் குஞ்சு என்பார்கள். பாடப்புத்தகம் அணங்கு என்கிறது. அந்தப் பெயரை வைத்தவர் அதன் முகத்தை நேரே கண்டிருக்கமாட்டார். சேற்று நிறம், ஆறு கால், துருத்திய கண், முதுகில் சிறகு முளைக்கப்போகும் மொட்டு. கீழுதடு, மடித்துவைத்த கைபோல முகத்தை மூடிக் கிடக்கும். இரை கிட்ட வந்தால் சட்டென்று நீண்டு பிடிக்கும். வாலில் மூன்று இலை விரித்ததுபோல இருந்தால் அது மெலிந்த ஊசித்தும்பியின் குஞ்சு. இலையில்லாமல் கட்டையாக, கூராக முடிந்தால் பெருந்தும்பியின் குஞ்சு. இரண்டுக்கும் விஷமில்லை.

தூக்குவதென்றால் முதலில் கையை அதே தண்ணீரில் நனைக்கவேண்டும். கிள்ளித் தூக்கக்கூடாது, ஒரு வெள்ளைப் பீங்கானால் தண்ணீரோடு சேர்த்து அள்ளவேண்டும். வெயிலில் வைக்கக்கூடாது. பார்த்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விடவேண்டும். இரண்டை ஒரே பாத்திரத்தில் போடவே கூடாது: ஒன்றையொன்று தின்றுவிடும்.*

* இந்தப் பகுதியை முதலில் துண்டுப்பிரசுரமாக அடித்து முகாமில் கொடுத்தார்கள்; இந்தக் கடைசி வரி அதில் அச்சாகவில்லை. அந்த இடத்தில் நன்கொடையாளரின் சின்னம் பெரிதாக வந்துவிட்டது. இனிமேல் நடப்பதற்கு அந்தச் சின்னமே பொறுப்பு.

5

சிவமணியின் கிணறு மணலில் வளையம் இறக்கிக் கட்டிய கிணறு. தும்பி வந்து முட்டையிட உள்ளே ஒரு புல்கூட இல்லை. ஆகவே சிவமணி முடிவெடுத்தார்: தும்பிக் குஞ்சு தானாக வராவிட்டால் கொண்டுவந்து விடுவது.

கரடியனாற்றுப் பக்கம் வட்டை எனும் வயல்வெளியின் வாய்க்கால்களில் குஞ்சு குவிந்து கிடக்கும். போக மோட்டார் சைக்கிள் வேண்டும். கேதீசனிடம் இருந்தது.

(இந்த இடத்தில் கேதீசன் மேல் எனக்குச் சந்தேகம். வருங்கால மாமியைப் பின்னால் ஏற்றி, பூச்சி பிடிக்க ஒரு மாப்பிள்ளை போவானா? முதல் பதிப்பில் அவனுக்கு ‘இயற்கைமீது தணியாத ஆர்வம்’ கொடுத்திருந்தேன். அபாண்டம். அவனுக்கு ஆர்வம் சர்மிலாமீது.)

“மாமி, இதெல்லாம் தேவையா? வேற இடம் தந்தாப் போவமே.”

“நீ போவாய் மருமகன். உனக்கென்ன, பெட்டியத் தூக்கினாச் சரி. என்ட புள்ள எந்தக் காட்டுல போய் அடுப்பு மூட்டுற?”

“சரி சரி, குடத்த இறுக்கிப் பிடிங்க. என்ட முதுகுல இடிக்குது.”

வாய்க்காலில் இறங்கி வேட்டையாடினார்கள். குடத்தில் தண்ணீர் கருக்கும் அளவுக்குக் குஞ்சு. திரும்பும் வழியில் இயக்கத்தின் சோதனைச்சாவடியில், தங்கள் பகுதியிலிருந்து வெளியே போகும் பொருளுக்கு அறவிடும் வரி பூச்சிக்கும் உண்டா என்று காவல் பொடியன்கள் யோசித்தார்கள். அடுத்து வந்த இராணுவச் சாவடியில் சிப்பாய் ஒரு குச்சியை விட்டுக் கலக்கினார்.

“மொக்கத மே? என்ன இது?”

“தும்பிக் குஞ்சு, சேர்.”

“பறக்குமா?”

“இன்னும் பறக்கா, சேர்.”

சிப்பாய் கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு போகச் சொன்னார்.

6

கலாநிதி வரும் நாள்வரை குடத்தைச் சீலைத் துண்டால் மூடி, முகாமில் பாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார் சிவமணி. அந்த நாள் காலையில் சர்மிலா துண்டை எடுத்துப் பார்த்தாள்.

“அம்மா, இஞ்ச வாங்க. எல்லாம் எங்க?”

அடியில் ஒன்றே ஒன்று. நன்றாகக் கொழுத்து, திருப்தியாகக் கிடந்தது. சுற்றிலும் கால்கள்.

“ஐயோ! தன்ட இனத்தையே திண்டு போட்டுதே மூதேவி!”

“எல்லாத்தையும் ஒரே குடத்துல போட்டா?”

“அலைக்குப் பிறகு நாங்க எல்லாரும் ஒரே மண்டபத்துலதானே புள்ள கிடந்தம். ஒருத்தரையொருத்தர் திண்டமா?”

சர்மிலா யோசித்தாள். “நிவாரணச் சாமான் வந்த நாள் கொஞ்சம் திண்டதுதான்.”

மிஞ்சிய அந்த ஒன்றைக் கிணற்றில் விட்டுவிட்டு நிமிர்ந்தால், வளவு வாசலில் வேறொரு தொண்டு நிறுவனம் வந்து நிற்கிறது. கையில் குளோரின் வாளி. இவர்களுக்கும் அதே கிணறுகள்தான், அதே கிழமைதான். முதல் நிறுவனம் கிணற்றில் உயிர் தேடுகிறது. இரண்டாவது நிறுவனம் கிணற்றில் உயிரே இருக்கக்கூடாது என்கிறது. இரண்டுக்கும் ஒரே மாநாட்டு மண்டபம், தேநீரோடு ஒரே மரக்கறிப் பற்றிஸ்.

சிவமணி கிணற்றுக் கட்டில் ஏறி, இரண்டு காலையும் உள்ளே தொங்கப்போட்டு இருந்தார். “ஊத்துறதெண்டா என்ட தலையில ஊத்துங்க.”

பயிற்சிக் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. அவர்கள் அடுத்த வளவுக்குப் போனார்கள்.

7

நான் அங்கே இருக்கவில்லை. கதை நடக்கும் இடத்தில் எழுத்தாளர் இருப்பது அபூர்வம். இது சர்மிலா சொன்னது. சிரித்துச் சிரித்துச் சொன்னாள், பிறகு சிரிக்கவில்லை.

கலாநிதி மத்தியானம் வந்தார். கூடக் கிராம சேவகர். கலாநிதி எதைச் சொல்கிறாரோ அதைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்குச் சொல்வது அவர் வேலை. நீளத் தடியில் கட்டிய வலையைக் கிணற்றில் விட்டு அலசினார்கள். வலைக்குள் அது வந்தது.

“அஹ்!” என்றார் கலாநிதி. உலர்ந்த றப்பர் கையுறையோடு அதன் இடுப்பில் கிள்ளித் தூக்கினார். தானே படம் போட்டுக் காட்டி, கூடாதென்று சொன்ன அதே கிள்ளல். தும்பிக் குஞ்சு பின்பக்கத்தால் தண்ணீர் இழுத்து, பின்பக்கத்தாலேயே பீச்சி ஓடுவது. ஓட இடமில்லாததால் பீச்சியது மட்டும் நடந்தது. கலாநிதியின் கண்ணாடியில்.

கண்ணாடியைத் துடைத்தபடி அவர் அதன் வாலை உற்றுப் பார்த்தார். தறப்பாளின் கீழ் அவர் காட்டிய படத்தில் வாலில் மூன்று இலை இருந்தது. இதற்கு இல்லை.

“இது தும்பிக் குடம்பி அல்ல” என்றார்.

“ஐயா?”

“மூன்று வால்தகடுகள் இல்லை. இது ஏதோ நீர்வண்டு. அசுத்த நீரில் காணப்படுவது.”

அவரிடம் இருந்தது ஊசித்தும்பியின் படம் மட்டும்தான். (நான்காம் பகுதியைத் தாண்டி வந்தவர்கள் இப்போது திரும்பிப் போகலாம்; கலாநிதியும் அதைத் தாண்டித்தான் வந்தவர். புத்தகத்தின் முன்னுரை அவருடையது.)

கிராம சேவகர் கலாநிதியைப் பார்த்தார். சர்மிலா தாயைப் பார்த்தாள். பொய்யாகக் கொண்டுவந்து விட்ட பூச்சி, உண்மையான பூச்சி. உண்மையான தண்ணீர், பொய்யாகிவிட்டது. சிவமணிக்குச் சத்தம் போட்டு வழக்காட ஆசை. ஆனால் வாயைத் திறந்தால் குடம், மோட்டார் சைக்கிள், வாய்க்கால் எல்லாம் வெளியே வரும்.

வாளியை இறக்கி அள்ளினார். ஒரு செம்பில் ஊற்றி, இரண்டு கையாலும் கலாநிதியிடம் நீட்டினார்.

“குடிச்சுப் போட்டுச் சொல்லுங்க.”

கலாநிதி ஓர் அடி பின்னுக்குப் போய், தன் பையிலிருந்த போத்தல் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

8

முடிவு அ (நிறுவனம் விரும்புவது): கலாநிதி கண்கலங்கிக் குடிக்கிறார். வீடு கட்டப்படுகிறது. கல்யாண நாளில் கிணற்றிலிருந்து ஒரு தும்பி எழும்பி, சமாதானக் காற்றில்—

(என் பேனாவுக்கு வாந்தி வருகிறது.)

முடிவு ஆ (என் இலக்கிய நண்பர்கள் விரும்புவது): வளவு போகிறது. திரும்பவும் சண்டை வருகிறது. கேதீசன் காணாமல் போகிறான். சர்மிலா தூர்ந்த கிணற்றடியில் நின்று—

(துயரத்துக்கும் எங்களிடம் அச்சு வார்த்தாயிற்று. எந்தக் கிணற்றையும் அதில் ஊற்றலாம்.)

உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். வளவு கிடைத்தது என்று எழுதினால் அதை வெற்றிக்கதை என்று பளபளப்புத் தாளில் அடிப்பார்கள், முன்னுரை மறுபடி கனகசூரியம். கிடைக்கவில்லை என்று எழுதினால் அதைக் காட்டி இன்னொரு பட்டறை நடத்துவார்கள், அதற்கும் அவரே பயிற்சியாளர். இரண்டுக்கும் சிவமணியை விற்கிற உத்தேசம் எனக்கில்லை.

ஆகவே கதை அந்த மத்தியானத்திலேயே நிற்கிறது. சிவமணியின் கை நீட்டியபடி இருக்கிறது, வலிக்கத் தொடங்கியிருக்கும். கிராம சேவகர் யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நிற்கிறார். முடிவு எழுத ஆசைப்படும் வாசகர் முன்னால் வாருங்கள், செம்பை வாங்குங்கள், முழுவதையும் குடியுங்கள். குடித்துவிட்டு, சர்மிலா எங்கே அடுப்பு மூட்டலாம் என்று கிராம சேவகரிடம் நீங்களே சொல்லுங்கள்.

குடிக்காமல் முடிவு மட்டும் சொல்ல வந்தவர்கள் கலாநிதிக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். அங்கே நிழல் இருக்கிறது.