இஞ்சின் இறக்கிய வண்டி

காரின் முன்மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தான் மாணிக்கவேல். பீங்கான் கம்பெனியின் மண் கொட்டகைதான் அன்றைக்குப் பட்டறை. ஆயிலை வடித்தாகிவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் தரையில் ஓடி வெள்ளை மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. கழற்றிய ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் பழைய புடவைத் துண்டு ஒன்றை அடையாளமாகக் கட்டியிருந்தான். சிவப்பு விளக்குக்கு, பச்சை ஹாரனுக்கு. இஞ்சினையும் கியர் பெட்டியையும் பிடித்திருந்த கடைசி போல்ட் மட்டும் துருவேறிப்போய் அசைய மாட்டேன் என்றது.

"அண்ணே, பாத்து. கியர் பாக்ஸ் நமக்கு வேணும்," என்றான் அறிவழகன். அவன் கையில் படங்கள் அச்சடித்த தாள்கள் இருந்தன. ஏதோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவன் தன் வீட்டு வாசலிலேயே காரின் இஞ்சினை இறக்கிவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டும் படங்கள்.

"தெரியும் தம்பி. இவ என்னைக் கேக்காம ஒரு நாளும் ஒடஞ்சதில்ல," என்று அடியிலிருந்து குரல் வந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து முதலாளியின் அந்த மாருதியை ஓட்டுகிறவன் அவன். துடைப்பது, கழுவுவது, பழுது பார்ப்பது எல்லாம் அவன்தான்.

அறிவழகன் முதலாளி குருமூர்த்தியின் மகன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். அந்த வருஷம் ஆட்களைக் குறைத்தபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு ஒரு மாதம் அறைக்குள்ளேயே கிடந்தான். பெட்ரோல் விலை ஏறிய அன்று குருமூர்த்தி சாப்பாட்டு இலையின் முன்னால் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அன்றுதான் அவனுக்கு இந்த யோசனை பிறந்தது. மாணிக்கவேலிடம் தனியாக வந்து சொன்னான்: "இது ஓடிருச்சின்னா நம்ம கொட்டகையிலயே கார் மாத்துற வேலைய எடுத்துச் செய்யலாம்ண்ணே. நீங்கதான் ஹெட் மெக்கானிக்."

அந்த வார்த்தை மாணிக்கவேலைப் பிடித்துக்கொண்டது. டிரைவராகச் சேர்ந்து டிரைவராகவே நரைக்கப் போகிறவனுக்கு அப்படி ஒரு பெயரை யாரும் தந்ததில்லை. ஆசைக்கு அளவேது?

போல்ட் கழன்றது. சங்கிலி போட்டுத் தூக்கும் செயின் பிளாக்கெல்லாம் அங்கே கிடையாது. இஞ்சினைக் கயிற்றால் கட்டி, நடுவே சவுக்குக் கழியைச் செருகி, தோள் கொடுத்துத் தூக்க வேண்டியதுதான். மண் குழைக்கும் பெண்கள் வந்தார்கள். மாணிக்கவேலின் மனைவி அமிர்தம் முன்கழிக்குத் தோள் கொடுத்தாள். ஆராயி பின்கழிக்கு. அமிர்தம் அந்தக் கம்பெனியில் அரைக்கிற மில்லுக்கு மண் போடுகிறவள். ஆராயி அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறு சீவுகிறவள். கம்பெனியில் யார் வாயையும் சும்மா இருக்க விடாதவள்.

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க! சாமி ஊர்கோலம் போவுது!" என்றாள் ஆராயி. பெண்கள் சிரித்ததில் கழி ஆடியது.

இஞ்சின் வெளியே வந்ததும் காரின் முன்பக்கம் ஒரு சாண் மேலே எழும்பியது. "பாருடி, புள்ள பெத்தவ மாதிரி நிமுந்துக்கிச்சு," என்றாள் ஆராயி. மாணிக்கவேலும் சிரித்தான். ஆனால் அந்தக் காலிப் பள்ளத்தைப் பார்த்தபோது அவனுக்கு என்னவோ செய்தது. இஞ்சினை ஒரு பழைய டயரின் மேல் இறக்கி, கோணிப்பையால் மூடினான்.

மோட்டார் கோயமுத்தூரிலிருந்து வருவதாக இருந்தது. விலை கேட்ட குருமூர்த்தி, "வண்டியே அவ்வளவு பெறாதுடா," என்று கையை விரித்துவிட்டார். அறிவழகனின் நண்பன் ஒருவன் அங்கே பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். பெட்டி இருந்தால் சாதாரண மோட்டாரே போதும் என்று அவன் போனில் சொல்ல, அறிவழகனின் கண் மண் கொட்டகையின் கோடியில் நின்ற பால் மில்லின் மேல் விழுந்தது.

பால் மில் என்பது ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. உள்ளே பந்து பந்தாகக் கூழாங்கற்கள் கிடக்கும். வெள்ளை மண்ணையும் கல்பொடியையும் தண்ணீரையும் போட்டு மூடிச் சுற்றவிட்டால், மறுநாள் மாவாக இறங்கும். அந்த மாவு இறங்கினால்தான் அச்சில் ஊற்ற முடியும். ஊற்றினால்தான் பெண்களுக்கு வேலை. அதைச் சுற்றியது பக்கத்தில் நாலு போல்ட்டில் உட்கார்ந்திருந்த மோட்டார். அந்த வருஷமோ மின்வெட்டு. சொல்லி நிறுத்துவது பாதி, சொல்லாமல் நிறுத்துவது பாதி. தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில் அறிவழகன் காதுபடவே கேட்டார்கள்: "கரண்டே இல்லாத ஊருல கரண்டு காரா?"

அவர்கள் மோட்டாரைக் கழற்ற வந்த அன்றும் கரண்ட் போயிருந்தது. மில் பாதி அரைவையில் நின்றது. பாண்டிச்சேரி வியாபாரி ஒருவர் கார்த்திகைக்காகச் சொல்லியிருந்த பீங்கான் அகல்களுக்கான மாவு அது. பெண்கள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கரண்டுக்காகக் காத்திருந்தார்கள்.

மாணிக்கவேல் ஸ்பேனரை எடுத்ததும் அமிர்தம் எழுந்து வந்தாள்.

"என்னாங்க பண்றீங்க? உள்ள மாவு இருக்குது."

"நாளைக்குக் காத்தால பொட்டி வருது. ஓட்டிப் பாத்துட்டுச் சாயங்காலமே மாட்டிடுவேன்."

"மாவ எறக்கிட்டாவது கழட்டுங்க. நின்னா கல்லாப் பூடும்."

வாசலில் நின்ற குருமூர்த்தி குறுக்கிட்டார். "பாதி அரைச்சத எறக்கி என்னா பண்றது? வேஸ்ட்டுதான். ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாதும்மா. கரண்டு இல்லாம சும்மாதானே கெடக்குது?"

அமிர்தம் முதலாளியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். மில் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்னால் அவன் கேட்பான் என்றும் நினைத்தாள். மாணிக்கவேல் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினான். "ஒரு நாள்தானே அமிர்தம்," என்றான். குரல் கெஞ்சுவதுபோல இருந்தது.

பெட்டி மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நண்பனுக்குக் காய்ச்சலாம். பிறகு அங்கேயும் கரண்ட் இல்லையாம். அதற்குள் மாணிக்கவேல் ஜங்ஷன் ரோட்டு லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து, மோட்டாரையும் கியர் பெட்டியையும் இணைக்கும் தகட்டைக் கடைந்து வாங்கி வந்தான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அதைத் தடவித் தடவிப் பார்த்தான். மோட்டாரைத் திருப்பி மில்லில் மாட்டலாமா என்று ஒரு முறை கேட்டான். "பொட்டி நாளைக்கு வந்துரும்ண்ணே, மறுபடி கழட்டணுமா?" என்றான் அறிவழகன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பெண்களிடம், கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வேலை இல்லாத நாளுக்குக் கூலி கிடையாது. அதை யாரும் தனியாகச் சொல்லவில்லை.

ஒரு வழியாகப் பெட்டி வந்தது. பின்சீட்டைக் கழற்றி லாரி பேட்டரிகளை வரிசையாக அடுக்கினார்கள். மாணிக்கவேல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். சாவியைத் திருப்பியதும் சத்தமே இல்லை. ஓடவில்லை என்று நினைத்துக் காலை அழுத்தினான். வண்டி நகர்ந்தது.

மண் கொட்டகையைத் தாண்டி, உடைந்த பீங்கான் குவியலைத் தாண்டி, பேட்டை வேப்பமரம்வரை ஒரு சத்தமும் இல்லாமல் போனது. சக்கரத்தின் கீழ் சரளை நொறுங்குவதுகூட அவனுக்குக் கேட்டது. அறிவழகன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தான். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். மாணிக்கவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. அமிர்தம் பார்த்தாளா என்று கண்ணாடியில் தேடினான். வேலை இல்லாததால் அவள் வந்திருக்கவில்லை.

வேப்பமரத்தடியில் திருப்பும்போது மூக்கில் காந்தல் ஏறியது. முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. அணைப்பதற்குள் பெட்டியும் போயிற்று, மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயிலும் கருகிவிட்டது. இஞ்சினும் வெளியே, மோட்டாரும் கரி. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்ற கதைதான். அறிவழகன் மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனைத் திட்டவும் யாருக்கும் மனம் வரவில்லை.

மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்தார்கள். கடையில் கால் வைக்க இடமில்லை. கரண்ட் வந்து வந்து போனதில் எரிந்த பம்புசெட்டு மோட்டார்கள், பெண்ணாடத்திலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் வந்து வரிசை கட்டிக் கிடந்தன. "தீவாளிக்கு மின்னாடி கேக்காதீங்க," என்றார் கடைக்காரர். பாண்டிச்சேரி வியாபாரி அகல்களைப் பக்கத்துக் கம்பெனியில் சொல்லிவிட்டார்.

அமிர்தம் ஒரு நாள் தானாக வந்து மில்லின் மூடியைத் திறந்தாள். மாணிக்கவேலும் பக்கத்தில் போய் நின்றான். தண்ணீர் மேலே தெளிந்து நின்றது. கையை விட்டுப் பார்த்தாள். அடியில் மாவும் கூழாங்கல்லும் ஒன்றாக இறுகிக் கிடந்தன. நகத்தால் கீறினாள்; நகம்தான் உடைந்தது.

"உள்ள எறங்கி உளியால கொத்தி எடுக்கணும்," என்றாள். "மோட்டாரு வந்தாக்கூட இது சுத்தாது."

"நான் எறங்கிக் கொத்துறேன்."

"உன்னால இந்த ஓட்டைக்குள்ள பூர முடியாது. நாந்தான் எறங்கணும்." எப்போதும் வாங்க போங்க என்று பேசுகிறவள் அன்றைக்குத்தான் அவனை ஒருமையில் சொன்னாள். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் கவனித்தான்.

குருமூர்த்தியிடம் போய்க் கேட்டான். கொத்தி எடுக்கிற வேலைக்குக் கூலி போடுவீர்களா என்று கேட்கத்தான் போனான். வாயில் வேறு வந்தது. "எம்மேலதாங்க தப்பு. நாந்தான் கழட்டுனேன்," என்றான்.

"ஒன்ன யாருடா சொன்னது? ஒனக்கு வேல இருக்குது. தை மாசம் வேற வண்டி எடுக்கலாம்னு இருக்கேன்," என்றார் குருமூர்த்தி. "பொம்பளைங்க விஷயம் தீவாளி கழியட்டும், பாக்கலாம்."

ஆயுத பூஜை வந்தது. கூப்பிடாமலே பெண்கள் வந்தார்கள். தொட்ட கருவிக்குப் பொட்டு வைக்காமல் அவர்களுக்கு அந்த நாள் கழியாது. ஆராயி தன் பிசிறுக் கத்தியைக் கழுவிச் சந்தனம் வைத்தாள். அமிர்தம் மில்லைத் துடைத்து, உருளையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். பிறகு மோட்டார் இருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த நாலு போல்ட்டுக்கும் ஒவ்வொன்றாகச் சந்தனம் தொட்டு வைத்தாள். தள்ளி நின்று பார்த்த மாணிக்கவேலுக்கு, அவள் தன்னை நாலு அறை அறைந்திருக்கலாம் என்று தோன்றியது.

முதலாளியம்மா அம்புஜவல்லி தட்டோடு வந்தார். காருக்கு மாலை போட்டிருந்தார்கள். பேட்டரிகளை எடுத்துவிட்டுப் பின்சீட்டையும் மாட்டியாகிவிட்டது. இஞ்சின் மட்டும் கோணிப்பைக்கு அடியிலேயே கிடந்தது. சக்கரம் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு எலுமிச்சம்பழம். பூசணிக்காயைச் சுற்றி உடைத்ததும்தான் அம்மாவுக்கு உறைத்தது.

"வண்டி பழத்து மேல ஏறணுமே? ஏறாம வுட்டா குடும்பத்துக்கு ஆவாது."

"அதுல என்னா இருக்குது," என்றார் குருமூர்த்தி. "தள்ளுனா போவுது. ஏம்மா, எல்லாரும் வாங்க, ஒரு கை குடுங்க."

"ஆளு ஒக்காராம வெறும் வண்டியத் தள்ளக்கூடாதுங்க," என்று அம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குருமூர்த்தி முன்னால் ஏறினார். அறிவழகனைக் கூப்பிட்டார்கள்; அவன் மாட்டேன் என்று தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

"மாணிக்கம், நீ ஸ்டியரிங்கப் புடி."

"நானும் தள்ளுறேங்க."

"அப்புறம் யாரு திருப்புறது? ஏறுடா."

ஏறினான். கால் பழக்கத்தில் கிளச்சைத் தேடி மிதித்தது. முன்னால் ஒன்றுமில்லை. பின்னால் பெண்கள் வந்து கை வைப்பதில் வண்டி லேசாக அசைந்தது. கண்ணாடியில் அம்புஜவல்லியின் தலைப்பூ தெரிந்தது. அதற்குப் பின்னால் பின்கண்ணாடியில் பதிந்த இரண்டு உள்ளங்கைகளும், குனிந்த ஒரு வகிடும். அது யாருடைய வகிடு என்று அவனுக்குத் தெரியும்.

"ம், தள்ளுங்க," என்றார் குருமூர்த்தி.

இந்தத் தடவை ஆராயிகூடத் தலையைக் குனிந்து தள்ளினாள். வண்டி நகர்ந்தது. பழங்கள் நசுங்கவில்லை; கனமில்லாத முன்சக்கரங்களுக்கு அடியில் பொதபொதவென்ற வெள்ளை மண்ணில் புதைந்துபோயின. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பிதுங்கலையே," என்றார். பின்னால் இழுத்து, பழங்களைத் தோண்டி எடுத்து, அடியில் ஒரு பீங்கான் சில்லை வைத்து, மறுபடி தள்ளினார்கள். உள்ளங்கைகள் கண்ணாடியில் வழுக்கி மறுபடி ஊன்றின. மாணிக்கவேல் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு வேலை இல்லை. பழம் ஒன்று 'பட்' என்று உடைந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெண்கள் முந்தானையில் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வரிசையாகப் பேட்டை வாசலைப் பார்த்து நடந்தார்கள். அமிர்தம் திரும்பிப் பார்க்கவில்லை. குருமூர்த்தி இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்கண்ணாடியில் சந்தனம் ஒட்டிய இரண்டு கைத்தடங்கள், பத்து விரலும் தெரியப் பதிந்திருந்தன.

"இதத் தொடச்சிடு மாணிக்கம்," என்றார்.

மாணிக்கவேல் சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்தான்.