யாரைச் சாடினே?

அன்று காலையிலிருந்தே சபிதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு அவள் அமெரிக்காவில் ஒரு கோர்ட்டில் ஆஜராக வேண்டும். விமானம் ஏறி அல்ல. வடசேரியில் தன் வீட்டுப் படுக்கையறையில், கட்டிலோரம் போட்ட மேசையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வழியாகத்தான். அங்கே அப்போது காலை ஒன்பது மணி.

தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்கோ இன்சூரன்ஸ் ஆபீசுக்கோ போனால், இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்வது அவள் வேலை. மூன்று வருடமாக மூட்டுவலியையும் சர்க்கரை அளவையும் மொழிபெயர்த்து அலுத்துப்போய், கோர்ட் வேலைக்கான பரீட்சை எழுதித் தேறி, எட்டு மாதமாகக் கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். வழக்கமாக வருகிற மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதில் இன்றைக்கு இவளுக்கு அடித்தது யோகம். அடுத்தவர் தொண்டை கட்டியதற்குச் சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனாலும் பட்டாள்.

எட்டு மாதமாகவே வீடு பாதிக் கோர்ட்டாக மாறியிருந்தது. ஃபிரிட்ஜின் மேல் 'பெருங்குற்றம்', 'சிறுகுற்றம்' என்று இரண்டு சீட்டு. அரிசி டப்பாவின் மேல் 'ஜாமீன்'. மிக்சியின் மேல் 'நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி'. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல். அவள் புருஷன் விபின் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம். மனைவி படித்ததில் பாதி அவனுக்கும் மனப்பாடமாகிவிட்டது. 'பிளீ பார்கெய்ன்' என்ற சொல்லுக்கு அவள் அரைப் பக்கம் விளக்கம் எழுதி வைத்திருந்தாள். விபின் அதை எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பாடு, அரசு வக்கீல் பெரிய குற்றம் என்கிறான், நம்ம வக்கீல் சின்னதாகக் குறைத்துக் கேட்கிறான், நடுவில் ஓரிடத்தில் இரண்டு பேரும் கைகொடுத்துக்கொள்கிறார்கள், தினமும் காலையில் நான் குலைக்குச் செய்வதுதானே என்று சொல்லிவிட்டான். அவள் எழுதிய அரைப் பக்கத்தைவிட அது சரியாக இருந்தது. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அன்று காலை அவன் சந்தையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தான்.

"லாரியில இருந்து சாடுனேன்டி. கால் பெரண்டு போச்சு."

"குதிச்சேன்னு சொல்லுங்க அத்தான்."

"சாடுனதுனாலதான் பெரண்டுச்சு. குதிச்சிருந்தா பெரண்டிருக்காது" என்றான் அவன், மசாஜ் எண்ணெயைத் தேடிக்கொண்டே.

அந்தச் சொல்லோடு சபிதாவுக்குப் பழைய பகை உண்டு. அவள் பிறந்து வளர்ந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். அங்கே குதிப்பதற்குச் சாடுவது என்றுதான் பெயர். ஆற்றில் சாடலாம், மதிலில் இருந்து சாடலாம், ஓடுகிற பஸ்சிலிருந்து சாடினால் வீட்டில் அடி விழும். மதுரையில் காலேஜ் சேர்ந்த முதல் வாரம், பஸ் நிற்பதற்குள் சாடிவிட்டேன் என்று ஹாஸ்டலில் சொல்லப்போக, அறையே சிரித்தது. யாரைச் சாடினே, கண்டக்டரையா, டிரைவரையா என்று. மற்ற ஊர்களில் சாடுவது என்றால் தாக்குவது, ஏசுவது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். மூன்று வருடமும் 'யாரைச் சாடினே' என்பதே அவள் பட்டப்பெயர். அதோடு ஊர்ப்பேச்சை மூட்டை கட்டி வைத்தவள்தான். இப்போது அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் எந்த ஊர் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஐந்தரை மணிக்கு வழக்கின் காகிதங்கள் கம்ப்யூட்டரில் வந்தன. குற்றம் சாட்டப்பட்டவர் வைகுண்டராஜன், வயது நாற்பத்தேழு, ஓட்டல் சமையல்காரர். ஓட்டலின் பின்புறம் அரிசி மூட்டை இறக்க வந்த லாரி டிரைவரைத் தாக்கிக் கையை முறித்தார் என்று வழக்கு. டிரைவருக்குத் தலையிலும் அடி. மேலேயிருந்து ஏதோ தன்னை நோக்கி வந்ததாக மட்டும்தான் அவருக்கு ஞாபகம். ஆனால் போலீசிடம் வைகுண்டராஜனே சொல்லியிருந்தார், போனில் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலமாக: 'அவர் குனிந்து நின்றார். நான் தாக்கினேன். அவர் விழுந்தார். நேரமாகிவிட்டது, எனக்குப் பொறுமை இல்லை.'

குனிந்து நிற்கிறவனை அடிக்கிற முரடன் என்று சபிதா மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள். ஜூரி விசாரணைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரும் குற்றவாளி என்று சொன்னால் ஐந்து வருடம் வரை ஜெயில். அதனால் அவருக்காக அரசாங்கம் அமர்த்திய வக்கீல் பேசி முடித்திருந்தார். சிறுகுற்றமாக ஒப்புக்கொண்டால் ஆறு மாதம், அதன்பின் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு நீதிபதி முன்னால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ஆறரைக்கு விபின் மிக்சி, டிவி, மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தான். திரையில் கோர்ட் தெரிந்தது. நரைத்த முடியை இழுத்துக் கட்டிய நீதிபதி அம்மாள், இளவயது அரசு வக்கீல், கட்டுக் காகிதத்தோடு வைகுண்டராஜனின் வக்கீல். இரண்டு அளவு பெரிய சட்டை போட்டுக்கொண்டு வைகுண்டராஜன்.

சபிதா சத்தியப் பிரமாணம் எடுத்தாள். சொன்னதைச் சொன்னபடி மாற்றிச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. தன் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் 'நான்' என்று சொல்லாமல் 'மொழிபெயர்ப்பாளர்' என்று தன்னைத்தானே மூன்றாம் ஆளாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். 

நீதிபதி முதலில் கேட்டார், மொழிபெயர்ப்பு புரிகிறதா என்று. சபிதா நல்ல தமிழில் கேட்டாள்.

"ஓ" என்றார் வைகுண்டராஜன்.

நீதிபதி புருவத்தை உயர்த்தினார். ஆச்சரியப்படுகிறாரா என்று கேட்டார். இல்லை, ஆம் என்கிறார் என்றாள் சபிதா. சொல்லும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆம் என்பதற்கு இப்படி 'ஓ' போடுகிறவர்கள் திருவட்டாறு பக்கம் இருக்கிறார்கள், அவள் அப்பா உட்பட.

நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜூரி விசாரணை உங்கள் உரிமை, அதை விட்டுக்கொடுக்கிறீர்களா? பேசாமல் இருப்பதும் உங்கள் உரிமை, தெரியுமா? குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசாங்கம்தான், நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, புரிகிறதா? யாராவது மிரட்டினார்களா? எல்லாவற்றுக்கும் வைகுண்டராஜன் தலை குனிந்தபடியே பதில் சொன்னார். பிறகு நீதிபதி, வெறுமனே ஒப்புக்கொண்டால் போதாது, ஒப்புக்கொள்வதற்கு ஆதாரமாக நடந்தது என்ன என்று உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றார்.

"அந்த ஆளு கீழ குனிஞ்சு நிக்காரு. எனக்கு அடுப்புல வேல கெடக்கு, நேரமாச்சு. நான் சாடுனேன். அவரு பேடிச்சு விழுந்தாரு."

காலையில் விபின் நொண்டிக்கொண்டு வந்தது சபிதாவின் கண்முன்னே வந்தது. இந்த மனிதர் யாரையும் அடிக்கவில்லை! மூட்டை இறக்க லாரி மேல் ஏறியவர் அங்கிருந்து குதித்திருக்கிறார். கீழே நின்றவர் பயந்து விழுந்திருக்கிறார். போனில் கேட்ட மொழிபெயர்ப்பாளர் சாடினேன் என்றதைத் தாக்கினேன் என்று எழுதவைத்துவிட்டு, ஏன் சாடினீர்கள் என்று அதே சொல்லால் திருப்பிக் கேட்டிருக்கிறார். இவரும் நேரமாகிவிட்டது, பொறுமை இல்லை என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அதன்பின் யார் கேட்டாலும் சாடினீர்களா, ஓ, சாடினேன்.

அவள் ஆங்கிலத்தில் சரியாகச் சொன்னாள்: நான் குதித்தேன், அவர் பயந்து விழுந்தார்.

அரசு வக்கீல் எழுந்துவிட்டார். போலீஸ் வாக்குமூலத்தில் தாக்கினேன் என்று இருக்கிறது, ஒப்புக்கொள்ளவும் சம்மதித்திருக்கிறார், இன்றைக்கு ஆள் மாறியதும் வார்த்தையும் மாறுகிறதே என்றார். நீதிபதி கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். கேட்டுவிட்டு அவர் பேச்சை மாற்றிக்கொள்ளக் கூடாதே என்று, இனி தான் சொல்லும்வரை எதையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மொழிபெயர்க்க வேண்டாம் என்றார். இரண்டு வக்கீல்களும் சம்மதித்தார்கள். வைகுண்டராஜன் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் சொன்ன சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

உண்டு என்றாள் சபிதா. பெரும்பாலான தமிழர்களுக்கு அது தாக்குவது, ஒரு மாவட்டத்துக்காரர்களுக்கு அது குதிப்பது என்று மொழிபெயர்ப்பாளர் தெரிவித்துக்கொள்கிறார் என்றாள்.

மொழிபெயர்ப்பாளருக்கு அது எப்படித் தெரியும், அவர் எந்த ஊர் என்று அரசு வக்கீல் கேட்டார்.

அங்கேதான் சபிதாவுக்குச் சிக்கல் வந்தது. தமிழ்நாடு என்று சொன்னால் போதும், பொய்யில்லை. கன்னியாகுமரி மாவட்டம் என்றால், ஊர்க்காரனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று இப்போதே இறக்கிவிடுவார்கள். எட்டு மாதம் காத்திருந்த வேலை முதல் நாளே போகும். அதைவிட, அவளுக்குப் பதில் வருகிறவர் மறுபடியும் தாக்கினேன் என்பார், அந்த மனிதர் மறுபடியும் ஓ என்பார். ஆனால் சத்தியம் செய்தாயிற்று. முழு உண்மை என்றால் முழு உண்மைதான்.

"மொழிபெயர்ப்பாளர் கன்னியாகுமரி மாவட்டத்தில், இவர் பேசுகிற அதே பேச்சு பேசுகிற பகுதியில் பிறந்தவர். இவரை இதற்கு முன்னால் பார்த்ததில்லை" என்றாள்.

அரசு வக்கீலின் முகத்தில் அகப்பட்டாள் என்ற களை வந்தது. வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். கொடுக்கிறேன் என்றார் நீதிபதி. ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி, பதிலுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது. அவர் சொன்ன அதே சொல்லை வைத்து, அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சபிதா நாக்கை ஈரப்படுத்திக்கொண்டாள். தவறியும் வேறு சொல் வந்துவிடக் கூடாது.

"நீங்கள் சாடியதை இங்கே செய்து காட்டுங்கள்."

வைகுண்டராஜன் விழித்தார். பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கினார். அரசு வக்கீல் புன்னகை செய்தார். சபிதா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு. ஆனால் தூக்கிய கை எதையோ சுட்டிக் காட்டியது. இரண்டு படி உயரத்தில் இருந்த சாட்சிக்கூண்டை.

"அதுல ஏறிச் சாடட்டா?"

அதில் ஏறி அதைச் செய்யட்டுமா என்று கேட்கிறார் என்றாள் சபிதா. நீதிபதி தலையசைத்தார். கோர்ட் காவலர் ஒரு எட்டு முன்னால் வந்தார். வைகுண்டராஜன் கூண்டில் ஏறி, தொளதொளத்த சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து ஒரே சாட்டம்!

தொம்மென்ற சத்தம் வடசேரி வரைக்கும் கேட்டது. கீழே நின்றிருந்த அரசு வக்கீல் பதறிப் பின்வாங்கி, நாற்காலி தடுக்கி, அப்படியே அதில் போய் விழுந்தார்.  வைகுண்டராஜன்தான் பயந்துபோய், அடிபட்டதா என்று கேட்டுக்கொண்டே அவரைத் தூக்கிவிட ஓடினார்.

நீதிபதியின் வாய் இறுகியிருந்தது, ஆனால் கண் சிரித்தது. இனி மொழிபெயர்க்கலாம் என்று சொல்லிவிட்டு, கோர்ட் பதிவுக்காக நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சபிதா வாயைத் திறந்தாள். குதித்தார் என்ற நல்ல தமிழ் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவள் அதை ஒதுக்கிவிட்டாள்.

"குற்றம் சாட்டப்பட்டவர் சாடினார் என்று பதிவாகட்டும். அரசு வக்கீலை யாரும் தாக்கவில்லை என்றும் பதிவாகட்டும். இந்த ஒப்புதலை இந்த நீதிமன்றம் ஏற்க முடியாது."

சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த அரசு வக்கீல், வழக்கைத் திரும்பப் பெறுவது பற்றி மேலே கேட்டுச் சொல்ல ஒரு வாரம் வேண்டும் என்றும், அதுவரை இவரை வெளியே விட ஆட்சேபம் இல்லை என்றும் சொன்னார். இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சபிதா அவரிடம் சொன்னாள். சாடினேன் என்பதற்கு மற்ற ஊர்களில் என்ன பொருள் என்பதை நீதிபதி சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தாள். வைகுண்டராஜன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்பம் இத்தன நாளும் நான் அடிச்சேன் அடிச்சேன்னா சொல்லிட்டு நின்னேன்?"

அதையும் ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அவர் திரையை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாக.

"மக்கா, உனக்கு எந்த ஊரு?"

இதையும் மொழிபெயர்த்துத்தான் ஆக வேண்டும், மொழிபெயர்த்தாள். நீதிபதி இந்த முறை வெளிப்படையாகவே சிரித்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் தன்னைப் பற்றிக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் பேசக் கூடாது, அதை அவருக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

சபிதா சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. மதுரை ஹாஸ்டலில் மூட்டை கட்டிப் போட்டதை மட்டும் கொஞ்சம் அவிழ்த்துக்கொண்டாள்.

"அதுக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, கேட்டியளா."

வைகுண்டராஜனின் முகம் மலர்ந்தது.

"ஓ" என்றார்.

ஆம் என்கிறார் என்று, நீதிபதி புருவத்தைத் தூக்குமுன்பே சபிதா சொல்லிவிட்டாள்.