யாரும் குறுக்கே போகாத நாள்

கோச்சி வரப்போகிறது, இனி ஊருக்கும் ரயில் ஓடும் என்றதும் பள்ளிவாசல்துறையில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஊரை விட்டு அசையாதவர்கள்கூடக் கொழும்புக்குப் போகிற கதைதான் கதைத்தார்கள். தண்டவாளத்துக்கு மண் கொட்டி மேடு கட்டத் தொடங்கிய பிறகுதான் கருவாடு போடுகிற றுக்கியாவுக்குப் பயம் பிடித்தது. அவள் வீடு மேட்டுக்கு இந்தப் பக்கம். மீன் காய வைக்கிற வாடி அந்தப் பக்கம், உப்புநீர்க் களப்பின் கரையில். மேடு வழியை அடைத்துவிட்டால் மீன் கடகத்தைச் சுமந்துகொண்டு பெரிய ரோட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். ஓட்டோக்காரனுக்குக் கொடுத்த பிறகு அவளுக்குக் கருவாட்டு மணம் மட்டும்தான் மிஞ்சும்.

மேட்டுக்குக் கீழால் ஒரு வழி விடச் சொல்லி ஊர் கேட்டது. ஒருவரை அனுப்புவதாக ரயில்வே அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

வந்தவன் ஜெயந்தன், சிலாபத்துப் பிள்ளை. மேட்டடியில் கதிரை போட்டு, குடை விரித்து உட்கார்ந்தான். கையில் சின்ன மெசின் ஒன்று. யாராவது மேட்டைக் கடந்தால் அதை ஒரு தரம் அமுக்குவதுதான் அவன் வேலை. ஆனால் அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இடத்தைப் பார்வையிட வந்த பெரிய ஆள் என்றே நினைத்தார்கள்.

நம்முடைய ஆட்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பிள்ளைகளே. பெரியவர் ஒருவர் இருக்கிற இடத்தில் அவர் முன்னால் குறுக்கே நடக்கமாட்டார்கள். அது போதாதென்று பள்ளிவாசல் செயலாளர் மர்ஸூக் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"ஜமாஅத்தார்களே! ரயில்வே கந்தோர்ல இருந்து சேர் ஒருத்தர் வந்திருக்காரு. அவருக்கு முன்னால யாரும் குறுக்க மறுக்க நடக்க வேணாம். ஆடுகளையும் கட்டி வைங்க!"

காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் மேட்டடியில் இருந்த ஜெயந்தனுக்கு அது கேட்கவில்லை. ஊரார் ஆடுகளையும் கட்டினார்கள். விடியற்காலையிலேயே மீனைப் பரப்பிவிட்டு வந்திருந்த றுக்கியாவும் வீட்டோடு இருந்துகொண்டாள்.

பகல் சாப்பாட்டைக் கொண்டுபோன மர்ஸூக்கிடம், அண்ணன் முறை வைத்து ஜெயந்தன் கேட்டான்.

"நானா, இங்க ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்லையா?"

"ஒரு கோழிக்குஞ்சும் போகாது சேர்! நான் பொறுப்பு!"

"அப்ப உங்களுக்கு வழி என்னத்துக்கு? எத்தன பேர் போறாங்கன்னு எண்ணத்தான் நான் வந்ததே."

மர்ஸூக் பள்ளிக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது. ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது.

"ஜமாஅத்தார்களே! எல்லாரும் வந்து குறுக்க நடங்க! ஆடுகளை அவிழ்த்து விடுங்க!"

ஊரே திரண்டு வந்தது. ஜெயந்தன் மெசினைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டான்.

"இந்தத் தரம் ஒலிபெருக்கி எனக்கும் கேட்டிச்சே! கூப்பிட்டு நடக்க வைக்கிறதை எண்ண ஏலாது. சொந்த அலுவலா போகணும்."

"மர்ஸூக், உன்ட வாயை முதல்ல கட்டி வச்சிருக்கணும், ஆட்டை இல்ல!" என்றாள் றுக்கியா.

அப்போதுதான் களப்புக்கு மேலே வானம் கறுத்தது. றுக்கியா நிமிர்ந்து பார்த்தாள்.

"யா அல்லாஹ், என்ட மீன்!"

அவள் மேட்டில் பாய்ந்து ஏறினாள். பின்னால் பக்கத்து வீட்டுக் கமறியா, அவளுக்குப் பின்னால் அந்தத் தெருவே. இரண்டு சொட்டு விழுந்தாலே ஒரு கிழமை உழைப்பு நாறிப்போகும் என்று அங்கே யாருக்குத் தெரியாது? ஜெயந்தனும் எழுந்து ஓடினான். யாரோ அவன் கையில் மீனை மூடுகிற தறப்பாளின் ஒரு முனையைத் திணித்தார்கள். பிறகு கடகம் ஒன்றைத் தலையில் வைத்தார்கள். மழை கொட்டத் தொடங்கியபோது கடைசிக் கடகமும் வாடிக்குள் போய்விட்டது.

எல்லோரும் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, இது சொந்த அலுவல்தான்," என்றான் ஜெயந்தன். "ஆனா நான் ஒண்டையும் எண்ணல்ல. கையில மீன்."

"அதுக்கென்ன தம்பி? இவங்கட வீடெல்லாம் எந்தப் பக்கம்? திரும்பிப் போகாம இங்கயா படுக்கப் போறாங்க?"

ஜெயந்தன் சிரித்துக்கொண்டே மேட்டடிக்குப் போய், கவிழ்ந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தான். மழையில் ஒவ்வொருவராக மேடேறிப் போனார்கள். மெசின் டிக், டிக் என்றது. மர்ஸூக் மட்டும் நைசாகத் திரும்பி வந்து வரிசையில் இரண்டாம் தரமும் நின்றார்.

"நானா, உங்கள நான் எண்ணிட்டன்."

"செருப்பைத் தேட வந்தனான் சேர்! சொந்த அலுவல்!"

இப்போது மேட்டுக்குக் கீழால் சீமெந்தில் ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் பதிவுதான், உயரம் போதாது. றுக்கியா கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தலை குனிந்து போகிறாள். நெட்டை மனிதரான மர்ஸூக் பாதி மடிந்து போகிறார்.