டிஸ்ப்ளே அண்ணா

"அண்ணா, என் இடது கண்ண மட்டும் பாருங்க," என்று சொல்லிவிட்டு அவள் தன் வலது கண்ணை மூடினாள். எதிரே உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் சட்டென்று நிமிர்ந்தார். மூளைக்குள் என்னென்னவோ ஓடியிருக்க வேண்டும். அதற்குள் அந்த 'அண்ணா' போய்ச் சேர்ந்துவிட, சமர்த்தாகத் தோளைத் தளர்த்திக்கொண்டு சொன்ன கண்ணைப் பார்த்தார். அவள் சின்ன ஸ்கேலை அவர் மூக்கின் மேல் வைத்து, இந்தக் கண்ணைத் திறந்து அந்தக் கண்ணை மூடி, கருமணிக்கும் கருமணிக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்றால் இதுதான் வில்லங்கம். நாளெல்லாம் ஊர் பேர் தெரியாத ஆண்களைப் பார்த்து ஒரு கண்ணை மூட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெறுமனே அளந்துகொண்டிருந்தாள். பேங்க் ஆசாமி ஒருவர் கண்ணாடி சரியில்லை என்று திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் சென்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த அண்ணா. இருபது வயசுப் பையனும் அண்ணா, பல் போன கிழவரும் அண்ணா. வண்டி எடுப்பவர்கள் ஹெல்மெட் மாட்டுகிற மாதிரி, வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு அண்ணா. பழக்கமாகிப்போய் பஸ்ஸிலும் லிஃப்டிலும் மருந்துக்கடையிலும் அதுவே வந்தது. ஒரு வம்பும் இல்லாமல் காலம் ஓடியது.

வம்பு எதிர்க்கடையில் வந்து உட்கார்ந்தது. செல்போன் ரிப்பேர் கடை. எந்த போனை நீட்டினாலும் அதன் சொந்தக்காரன் மூஞ்சியைப் பார்த்து "டிஸ்ப்ளே போச்சு" என்பான். அதனால் அந்தக் கட்டடம் முழுக்க அவனுக்கு டிஸ்ப்ளே என்றுதான் பேர். வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தால், காதருகே இடி விழுந்தாலும் நிமிர மாட்டான். கடை திறந்த அன்று பொடி ஸ்க்ரூடிரைவர் இரவல் கேட்டு வந்தான். கண்ணாடிக்கடையில் இல்லாத ஸ்க்ரூடிரைவரா? "திருப்பிக் குடுத்துடுங்கண்ணா," என்று எடுத்துக் கொடுத்தாள். யோசித்தா சொன்னாள்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. பழுது பார்த்து முடித்த போனைக் காதில் வைத்து, "என்ன ராஜா, பொழச்சிட்டியா?" என்று அதனிடமே கேட்பான். சரியாகாத போனைத் திருப்பிக் கொடுக்கும்போது துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கொடுப்பான். வாங்கின ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான், மறுநாள் மறுபடி இரவல் கேட்டான். தினமும் கேட்டான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. சும்மா இல்லை, சாப்பாட்டு நேரத்தில் அவன் கடையில் ஆள் இல்லையென்றால் சோறு இறங்காத அளவுக்குப் பிடித்துப்போனது. அவனுக்கோ முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை, அவளுக்கு முப்பத்தொன்று. எல்லாம் பொருந்தித்தான் வந்தது, அந்த ஒற்றை வார்த்தையைத் தவிர.

அவன் வேறு, சொன்ன சொல்லுக்கு உண்மையாக இருக்கிறவன். அண்ணன் என்றால் அண்ணன்தான். மழை வந்தால் குடையோடு பஸ் நிறுத்தம் வரை வந்தான். அவள் அம்மாவின் போனைச் சரிசெய்து வீட்டுக்கே போய்க் கொடுத்தான். அம்மா பூரித்துப்போய், "கூடப் பொறந்தவன் இல்லாத குறைய தீத்துட்டான்டி," என்றாள். அவளுக்கு முட்டிக்கொள்ளச் சுவர் தேவைப்பட்டது.

வார்த்தையை மெல்லக் கழற்றிப் பார்த்தாள். ஒருநாள் "இங்க பாருங்க" என்றாள். "என்னம்மா, அண்ணன் மேல கோவமா?" என்று ஓடி வந்தான். இன்னொரு நாள் "சார்" என்றாள். அன்றைக்கு முழுதும் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் அவள் கடையில் பில் போடுகிற அக்காவிடம் வந்து, "நான் என்ன அவ்ளோ வேத்து மனுஷனாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பில் அக்கா அவளைப் பார்த்து, "பாவம்டி அவன். ஒண்ணு சொல்லு, இல்ல விடு," என்றாள்.

சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் இருந்தபோதுதான் அவன் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"நம்ம கூட்டாளி ஒருத்தன் இருக்கான்மா. ஏசி மெக்கானிக், தங்கமான பையன். அம்மாகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வரேன்."

இரண்டு நாள் அவளுக்கு எதிலும் கை ஓடவில்லை. சனிக்கிழமை அவனே கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பொடி ஸ்க்ரூவெல்லாம் கலங்கலாகத் தெரிகிறதாம். கண் பரிசோதனை முடிந்தது. இனி ஸ்கேல்தான் பாக்கி.

அவள் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் இடது கண்ண மட்டும் பாருங்க." முன்னால் போட வேண்டியதைப் போடவில்லை. வலது கண்ணை மூடினாள். ஸ்கேலை அவன் மூக்கின் மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"என்னம்மா, இன்னும் அளந்து முடியலையா?"

"அந்த ஏசி மெக்கானிக்க வர வேணாம்னு சொல்லிடுங்க."

"பாக்காமலே பிடிக்கலையா?"

"அவரு நல்லவராவே இருக்கட்டும். எனக்கு வேணாம்." ஸ்கேலைக் கீழே வைத்தாள். இப்போது விட்டால் பிறகு இந்த ஜென்மத்தில் வராது என்று தோன்றியது. "இன்னொண்ணு. இனிமே உங்கள நான் அண்ணான்னு கூப்பிட மாட்டேன்."

"ஏன், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒரு தப்பும் பண்ணல. அதான்."

பில் மிஷின் பாதியில் நின்றது. அவன் அவளைப் பார்த்தான், ஸ்கேலைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். காது நுனி இரண்டும் சிவந்தன. "சரிம்..." என்று ஆரம்பித்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டு எழுந்து போனான். எதிர்க்கடையில், போனுக்கு உறை மட்டும் கேட்டு வந்த ஒருவரிடம் "டிஸ்ப்ளே போச்சு" என்று அவன் சொல்வது இங்கே கேட்டது.

"அளவு எடுத்தியா இல்லையா?" என்றாள் பில் அக்கா. அளவு எடுக்கவே தேவையிருக்கவில்லை. அந்தக் கண்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அவளுக்கு எப்போதோ தெரியும்.

ராத்திரி முழுக்கப் பயமாக இருந்தது. இருந்த உறவையும் கெடுத்துக்கொண்டோமோ? குடையும் போய், ஸ்க்ரூடிரைவரும் போய், கண்டும் காணாமல் போகிற எதிர்க்கடைக்காரனாகிவிடுவானோ? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா போனும் கையுமாக வந்தாள்.

"அந்தத் தம்பி பேசுச்சு. ஏசி பையன் வரலையாம்."

"வேற எதாச்சும் சொன்னாரா?"

"கண்ணாடி எப்ப ரெடியாகும்னு கேட்டுச்சு. எதிர்லயே கடைய வெச்சுக்கிட்டு என்கிட்ட எதுக்குடி கேக்குது? எப்பவும் தங்கச்சி தங்கச்சின்னு சொல்லும். இன்னைக்கு, 'அதான்மா, உங்க வீட்ல இருக்காங்களே, அவங்க'ன்னு இழுக்குது. யாரச் சொல்லுதுன்னு புரியறதுக்குள்ள எனக்குத் தலையே சுத்திப்போச்சு."

அவள் சமையலறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

கண்ணாடி புதன்கிழமை வந்தது. துடைத்து, காதில் மாட்டுகிற கம்பியைச் சரிபார்த்து, பெட்டியில் வைத்தாள். இனி அவனைக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? ஊரே கூப்பிடுகிற மாதிரி டிஸ்ப்ளே என்று கூப்பிட வாய் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடவும் இன்னும் அவளுக்கு உரிமை வரவில்லை. வாசல் வரை போனாள், திரும்பினாள். கடைசியில் ஸ்கேலை எடுத்து வாசல் கண்ணாடிக் கதவில் டொக் டொக் என்று தட்டினாள்.

இடி விழுந்தாலும் நிமிராதவன் நிமிர்ந்தான். அவள் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். அவன் கையிலிருந்த போன் பிழைத்து அடித்துக்கொண்டிருந்தது, அதை அவன் கவனிக்கவில்லை. பூதக்கண்ணாடி எப்போதோ மேசைமேல் உருண்டு கிடந்தது. ஆனாலும் அவனுடைய ஒரு கண் மட்டும் மூடியே இருந்தது.